எது ஆய்வுக் கட்டுரை? செவிலியர் கல்வியில் விடுபட்ட ஒரு பாடம்

பல வார்டுகளில், நோயாளியின் கையில் போட்ட வென்ஃப்ளானை, அதாவது சிரைக்குள் மருந்து ஏற்றும் கேனுலாவை, மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றிவிட வேண்டும் என்பது விதி. போட்ட இடம் சிவந்திருக்கிறதா, வீங்கியிருக்கிறதா, வலிக்கிறதா என்பதெல்லாம் அப்புறம்தான். 72 மணி நேரம் ஆனால் கழற்றிவிட்டு வேறு இடத்தில் குத்த வேண்டும். இந்த விதிக்கு ஆதாரம் உண்டா என்று ஒரு பி.எஸ்சி. நர்சிங் மாணவி கூகுளில் தேடினால் அவர் முன் வந்து குவிபவை பலவகை. ஒரு மருத்துவமனையின் நோயாளி அறிவுரைத் தாள், கேனுலா தயாரிக்கும் கம்பெனியின் கையேடு, ஒரு தொழில்முறைச் சங்கத்தின் வழிகாட்டு நெறி, ஒரு இதழாசிரியரின் கருத்துரை, வேறொரு கல்லூரியின் பழைய டிசர்டேஷன், பயிற்சிக்காக எழுதப்பட்ட பாடக் கட்டுரை, இவற்றுக்கு நடுவே எங்கோ ஓர் ஆய்வுக் கட்டுரை. எல்லாமே பிடிஎஃப். எல்லாவற்றிலும் மருத்துவச் சொற்கள். பலவற்றின் கடைசியில் மேற்கோள் பட்டியல்கூட இருக்கும். "ரிவ்யூ ஆஃப் லிட்டரேச்சருக்குப் பத்து ஆர்டிகிள் எடுத்து வா" என்று கைடு சொல்லியிருந்தால், கண்ணில் பட்ட முதல் பத்தை மாணவி எடுத்துக்கொண்டு போவார். அதற்காக அவரைச் சோம்பேறி என்று சொல்ல முடியாது. எந்தத் தளத்தில் தேடுவது என்று அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். கையில் கிடைத்தது என்ன என்று பார்த்துச் சொல்ல அவருக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

தேடும் திறனும் அடையாளம் காணும் திறனும் வேறுவேறு. வகுப்பறையில் முதலாவதற்கே நேரம் ஒதுக்கப்படுகிறது: நூலகர் ஒரு மணி நேரம் பப்மெட்டைக் காட்டுவார், ஒரு செய்முறைத் தாள் கொடுப்பார், அத்தோடு முடிந்தது. வரிசை தலைகீழாக இருக்க வேண்டும் என்பது என் வாதம். ஆய்வுக் கட்டுரை எப்படி இருக்கும் என்று தெரிந்தவருக்குத்தான் தேடல் பயன்படும். தெரியாதவருக்கு நல்ல தேடுபொறி கிடைத்தால் குவியல்தான் பெரிதாகும். அடையாளம் காண நம்பத்தக்க இடம் ஒன்றுதான் இருக்கிறது. இதழின் பெயரோ, ஆசிரியரின் பட்டமோ, தளத்தின் முகவரியோ அல்ல அது. ஆய்வாளர் யாரிடம், எங்கே, எப்போது, என்ன செய்தார், எதை அளந்தார் அல்லது கேட்டார் என்று சொல்லும் செய்முறைப் பகுதிதான் அது. அப்படியொரு பகுதி இல்லாத எழுத்து எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும் ஆய்வுக் கட்டுரை ஆகாது.

வென்ஃப்ளான் கேள்வியையே எடுத்துக்கொள்வோம். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் பணியாற்றிய செவிலியர் ஆய்வாளர் கிளேர் ரிக்கார்டும் அவருடைய குழுவினரும் 2012-ல் லான்செட் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தலைப்பிலேயே இது இரண்டு முறைகளும் சமமா என்று பார்க்கும் குலுக்கல் முறைச் சோதனை என்று அறிவிக்கிறார்கள். செய்முறைப் பகுதியைத் திறந்தால், குயின்ஸ்லாந்தில் மூன்று மருத்துவமனைகள். நான்கு நாளுக்கு மேல் கேனுலா தேவைப்படும் என்று எதிர்பார்க்கப்பட்ட வயதுவந்த நோயாளிகள். சேர்க்கை 2008 மே முதல் 2009 செப்டம்பர் வரை. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்கு மூன்றாம் நாளில் கேனுலா மாற்றப்பட்டது. மற்றவர்களுக்கு வலி, வீக்கம், அடைப்பு போன்ற காரணம் தென்பட்டால்தான் மாற்றப்பட்டது. மொத்தம் 3,283 பேர். எந்த வித்தியாசத்துக்குள் இருந்தால் இரண்டையும் சமம் என்று கொள்வது என்பதை முன்கூட்டியே வகுத்துவைத்திருந்தார்கள்: 3 சதவீதம். முடிவுப் பகுதியில், காரணம் பார்த்து மாற்றிய 1,593 பேரில் 114 பேருக்குச் சிரை அழற்சி. நாள் பார்த்து மாற்றிய 1,690 பேரிலும் 114 பேருக்கு. இரண்டுமே 7 சதவீதம். யாரோ ஒருவர் ஒரு வேலையைச் செய்திருக்கிறார், எண்ணியிருக்கிறார், இன்னொருவர் அதே வேலையைத் திரும்பச் செய்து பார்க்கும் அளவுக்கு விவரம் கொடுத்திருக்கிறார். முதல்நிலை ஆய்வுக் கட்டுரை என்றால் இதுதான். இதைப் படித்துப் புரிந்துகொண்ட மாணவி, கேனுலா கம்பெனியின் கையேட்டைத் திறந்ததுமே அதில் என்ன இல்லை என்று பார்த்துவிடுவார்.

அதே கேள்விக்கு 2019-ல் காக்ரேன் நூலகம் வெளியிட்ட மீளாய்வு வேறு வகையைச் சேர்ந்தது. அதிலும் செய்முறைப் பகுதி இருக்கிறது. ஆனால் அங்கே ஆய்வுக்கு உட்பட்டவை மற்ற ஆய்வுகள். எந்தெந்தத் தரவுத்தளங்களைத் தேடினோம், எவற்றைச் சேர்த்தோம், எவற்றை ஏன் ஒதுக்கினோம் என்று அது சொல்கிறது. ஒன்பது சோதனைகள், 7,412 நோயாளிகள். ரிக்கார்டு இதற்கும் ஓர் ஆசிரியர். அவருடைய 2012 சோதனையும் அந்த ஒன்பதில் அடக்கம். அமெரிக்காவின் உட்செலுத்தல் சிகிச்சைச் செவிலியர் சங்கம் 2011-லேயே தன் நெறிமுறையைக் காரணம் பார்த்து மாற்றுவது என்ற பக்கம் திருப்பியிருந்தது. அதே ஆண்டு வெளிவந்த அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் நெறிமுறையோ, வயதுவந்தோருக்கு 72 முதல் 96 மணி நேரத்துக்கு முன்பாக மாற்றத் தேவையில்லை என்றது. நெறிமுறை என்பது பரிந்துரை. ஆய்வுகளைப் படித்து எடுத்த முடிவு. வார்டில் முதலில் கையில் எடுக்க வேண்டியது அதுதான் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் டிசர்டேஷனில் 'ஓர் ஆய்வு காட்டுகிறது' என்று அதை மேற்கோள் காட்டினால் அது பிழை. பல மாணவர்கள் சிக்கும் இடமும் இதுதான்: நம்பத்தக்கது எல்லாம் ஆய்வு என்று நினைத்துவிடுகிறார்கள்.

இந்தப் பாகுபாடு வெறும் வகைப்பிரிப்பு, தேர்வுக்கு மட்டும் தேவை என்று யாரேனும் சொல்லலாம். அப்படிச் சொல்பவர்களுக்கு ஜெனிவாவில் நடந்ததைக் காட்டுவேன். ஜெனிவாப் பல்கலைக்கழக மருத்துவமனைகள் 2018-ல் நாள் பார்த்து மாற்றும் முறையைக் கைவிட்டுக் காரணம் பார்த்து மாற்றத் தொடங்கின. 2019 இறுதியில் பழைய முறைக்கே திரும்பின. அந்த அனுபவத்தைத் தொகுத்து 2021-ல் வெளிவந்த கட்டுரை 4 லட்சத்துக்கும் அதிகமான கேனுலாக்களின் பதிவுகளைப் பார்த்தது. பழைய முறைக் காலத்தில் கேனுலாவால் வந்த இரத்தத் தொற்று 11. புதிய முறைக் காலத்தில் 46. குயின்ஸ்லாந்து ஆய்வும் ஜெனிவா ஆய்வும் ஒன்றையொன்று பொய்யாக்குகின்றனவா? தலைப்பையும் சுருக்கத்தையும் மட்டும் படித்தவருக்கு அப்படித்தான் தோன்றும். செய்முறையைப் படித்தவருக்கு விஷயம் வேறு. முதலாவது குலுக்கல் முறைச் சோதனை. அது முதன்மையாக அளந்தது சிரை அழற்சியை. இரத்தத் தொற்று மிக அரிது, 3,283 பேரில் அதன் ஏற்ற இறக்கம் தெரிய வாய்ப்பே குறைவு. இரண்டாவது பழைய காலத்தையும் புதிய காலத்தையும் ஒப்பிட்ட கண்காணிப்பு ஆய்வு. அரிதானதைப் பிடிக்கும் அளவுக்குப் பெரியது, ஆனால் அந்த இடைவெளியில் மருத்துவமனையில் வேறு என்னென்ன மாறின என்ற கேள்வி அதைத் தொடர்ந்துகொண்டே இருக்கும். இரண்டு கட்டுரைகளும் நேர்மையானவை, இரண்டும் வெவ்வேறு கேள்விக்கு விடை சொல்கின்றன. எது எந்த வகை என்று தெரியாத செவிலியர் இவற்றில் தனக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்வார். விலை கொடுப்பது கட்டிலில் இருப்பவர்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு உண்டு. செய்முறை, எண்ணிக்கை, முடிவு என்று அடையாளத்தை வைத்தால், எண்ணாத ஆய்வுகள் வெளியே தள்ளப்படாதா? நோயாளியின் அச்சத்தையும், பிரசவ வார்டில் தாய் பட்ட அவமானத்தையும், இரவுப் பணிச் செவிலியரின் களைப்பையும் பற்றிய ஆய்வுகள் எண்களில் அடங்கா. செவிலியத்துக்கு அவை உயிரானவை என்பதும் உண்மை. இன்று உலகெங்கும் பயன்படும் 'கிரவுண்டட் தியரி' முறை, 1960-களில் சான்பிரான்சிஸ்கோ வட்டார மருத்துவமனைகளில் சாகும் தறுவாயிலிருந்த நோயாளிகளைச் சுற்றி நடந்த ஆய்விலிருந்துதான் பிறந்தது. அதை வகுத்த பார்னி கிளேசர், ஆன்செல்ம் ஸ்ட்ராஸ் இருவரும் சமூகவியலாளர்கள். ஆய்வு நடந்ததோ கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் செவிலியர் பள்ளியில். ஜீன் குவின்ட் என்ற செவிலியரும் அக்குழுவில் இருந்தார். சாகும் நோயாளியும் செவிலியரும் பற்றி 1967-ல் அவர் தனியே நூல் எழுதினார். ஆனால் இந்த மறுப்பு என் வாதத்தை அசைக்கவில்லை. பண்புசார் ஆய்விலும் செய்முறைப் பகுதி உண்டு: எத்தனை பேரிடம் பேசினார்கள், அவர்களை எப்படித் தேர்ந்தார்கள், பேச்சைப் பதிவுசெய்து எழுத்தாக்கினார்களா, அதிலிருந்து கருப்பொருள்களை எப்படிப் பிரித்தார்கள், ஒருவர் பிரித்ததை இன்னொருவர் சரிபார்த்தாரா. பதினைந்து பேரிடம் ஒழுங்காகப் பேசி எழுதியது ஆய்வு. முப்பது ஆண்டு அனுபவமுள்ள ஒருவர் தன் நினைவிலிருந்து எழுதியது, எவ்வளவு ஆழமானதானாலும், கட்டுரை. எண் இருக்கிறதா என்று பார்ப்பதை விட்டுவிட்டு, வழி சொல்லப்பட்டிருக்கிறதா என்று பார்க்கப் பழக்க வேண்டும்.

அறிமுகம், செய்முறை, முடிவு, விவாதம் என்ற நான்கு கூறு அமைப்பு இன்று இயல்பாகத் தோன்றினாலும் அது அண்மைக் காலத்து ஏற்பாடு. பிஎம்ஜே, ஜாமா, லான்செட், நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆகிய நான்கு இதழ்களின் 1935 முதல் 1985 வரையான கட்டுரைகளைப் பார்த்த ஓர் ஆய்வு, 1970-களில் இந்த அமைப்பு பெரும்பான்மையாகி 1980-களில் முழுமையாகப் பரவியதைக் காட்டியது. அமெரிக்காவில் செவிலிய ஆராய்ச்சிக்கென 'நர்சிங் ரிசர்ச்' இதழ் தொடங்கியது 1952-ல். இந்தியாவில் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கத்தின் 'தி நர்சிங் ஜர்னல் ஆஃப் இந்தியா' 1910 முதலே வருகிறது. ஆகவே பழைய கட்டுரைகளில் தலைப்புகள் இல்லை என்பதால் அவை ஆய்வல்ல என்று தள்ளக் கூடாது. இன்றைய கட்டுரையில் தலைப்புகள் இருப்பதால் அது ஆய்வு என்று ஏற்கவும் கூடாது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலிருந்து வரும் 'இந்தியன் ஜர்னல் ஆஃப் கன்டினியூயிங் நர்சிங் எஜுகேஷன்' போன்ற இதழில் பயிற்சிக் கட்டுரையும் ஆய்வுக் கட்டுரையும் ஒரே இதழில் அடுத்தடுத்து வரும். வல்லுநர்கள் மதிப்பிட்டு வெளியிடும் நல்ல இதழ் என்பதால் அதிலுள்ள எல்லாமே ஆய்வு ஆகிவிடாது. தரவுத்தளங்களில் 'பியர் ரிவ்யூட்' என்ற கட்டத்தை டிக் செய்துவிட்டால் வேலை முடிந்தது என்று நம்பும் மாணவர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். அந்தக் கட்டம் இதழைச் சலிக்கிறது. அதே இதழின் தலையங்கமும் ஆசிரியருக்கு வந்த கடிதமும் சல்லடையில் தங்காமல் கூடவே இறங்கிவிடும்.

இனி தேடலுக்கு வரலாம். செவிலிய எழுத்துகளுக்கு ஒரு முறையான அட்டவணை வந்த கதை, நூலகர்களின் கைவேலையில் தொடங்குகிறது. லாஸ் ஏஞ்சலிஸில் ஒயிட் மெமோரியல் மருத்துவமனையின் நூலகர் எல்லா கிராண்டல், 1940-களில் தன் செவிலியர்கள் கேட்கும் கட்டுரைகளை எடுத்துக்கொடுப்பதற்காக அட்டைகளில் குறிப்பெழுதத் தொடங்கினார். அதுவே 1961-ல் அச்சு அட்டவணையாகி, இன்று சினால் என்ற தரவுத்தளமாக நிற்கிறது. அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் பப்மெட் 1997 முதல் பொதுமக்களுக்கு இலவசம். சினாலுக்குச் சந்தா வேண்டும். பப்மெட்டுக்கு இணைய இணைப்பு போதும். இரண்டிலும் மனிதக் கண் பட்டு வளர்ந்த ஓர் ஒழுங்கு இருக்கிறது: பெரும்பாலான கட்டுரைகளுக்கு அவற்றின் பொருள் என்ன, வகை என்ன என்று குறியிடப்பட்டிருக்கிறது. குலுக்கல் முறைச் சோதனைகளை மட்டும் காட்டு, முறைசார் மீளாய்வுகளை மட்டும் காட்டு, செவிலிய இதழ்களை மட்டும் காட்டு என்று பப்மெட்டிடம் கேட்க முடியும். ஆனால் கேட்பவருக்கு அந்த வகைகளின் பொருள் தெரிந்திருக்க வேண்டும். அடையாளம் காண்பது முதலில் என்று நான் சொல்வதற்கு முக்கியமான காரணம் இதுதான்.

வார்டில் பேசும் சொல்லுக்கும் அட்டவணையில் இருக்கும் சொல்லுக்கும் இடைவெளி பெரிது. வென்ஃப்ளான் ஒரு கம்பெனியின் பொருட்பெயர். அதைத் தட்டினால் அந்தப் பெயரை எழுதிய சில கட்டுரைகள் மட்டுமே வரும். பப்மெட்டின் மெஷ் சொல்தொகுதியில் அதற்குரிய தலைப்பு 'கதீட்டரைசேஷன், பெரிஃபெரல்'. படுக்கைப் புண்ணுக்கு இன்னும் சிக்கல். வார்டில் பெட்சோர் என்பார்கள், பழைய நூலில் டெகுபிட்டஸ், நெடுங்காலம் பிரஷர் அல்சர், 2016-ல் அமெரிக்க தேசிய ஆலோசனைக் குழு பெயர் மாற்றியதிலிருந்து பிரஷர் இன்ஜுரி. ஒரு சொல்லை மட்டும் தட்டிவிட்டு 'இந்தத் தலைப்பில் ஆய்வே இல்லை, ஆகவே என் ஆய்வு புதியது' என்று டிசர்டேஷனில் எழுதுவது அடிக்கடி நடக்கிறது. நான்கையும் 'அல்லது' என்ற இணைப்பில் சேர்த்துத் தேடியிருந்தால் அந்த வாக்கியம் எழுதப்பட்டிருக்காது. நோயாளி யார், செய்வது என்ன, எதோடு ஒப்பிடுகிறோம், எதை அளக்கிறோம் என்று கேள்வியை நான்காகப் பிரித்துவிட்டுத் தேடுவது நல்ல பழக்கம். அந்த நான்கும் செய்முறைப் பகுதியில் வரிக்கு வரி இருப்பவையே என்பதைக் கவனித்தால், படிக்கத் தெரிந்தவருக்கே தேடத் தெரியும் என்பது விளங்கும். கூகுள் ஸ்காலர் எல்லாவற்றையும் வாரி இழுக்கும். ஒரு கட்டுரையை மேற்கோள் காட்டியவர்கள் யார் யார் என்று பின்தொடர அதைப் போல எளிதான கருவி இல்லை. ஆனால் அதில் மீளாய்வுகளை மட்டும் காட்டச் சொல்லலாமே தவிர, சோதனை, தலையங்கம் என்று வகை பிரித்துக் கேட்க வழியில்லை. முதல் படியாக அதைக் கையில் கொடுப்பது மாணவருக்குச் செய்யும் உதவி அல்ல.

கட்டுரையின் பெயர் கிடைத்துவிட்டது, முழுக் கட்டுரை கிடைக்கவில்லை என்பது அடுத்த துன்பம். நம் ஊரில் இதுவே பெரிய துன்பம். சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு மேற்கோள் காட்டும் வழக்கத்துக்கு ஒழுக்கக்கேடு காரணமல்ல, பணம் காரணம். மத்திய அமைச்சரவை 2024 நவம்பரில் ஒப்புதல் அளித்த 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் 6,000 கோடி ரூபாய் செலவில், 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 மின்னிதழ்களை மூன்று ஆண்டுகளுக்குத் திறந்துவிடுகிறது. ஆனால் அது மத்திய, மாநில அரசுகளின் உயர்கல்வி நிறுவனங்களுக்கும் மத்திய அரசின் ஆய்வு நிறுவனங்களுக்கும் என்று வகுக்கப்பட்ட திட்டம். தமிழ்நாட்டில் செவிலியர் மாணவர்களில் பெரும்பகுதியினர் படிப்பது தனியார் கல்லூரிகளில். மக்கள் வரிப்பணத்தில் வாங்கிய அறிவு, நாளை அரசு மருத்துவமனையிலேயே வேலைக்கு வரப்போகும் ஒரு மாணவிக்கு அவர் படித்த கல்லூரியின் உரிமையாளர் யார் என்பதைப் பார்த்து மறுக்கப்படுவது எனக்கு ஏற்புடையதாக இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2007-ல் காக்ரேன் நூலகத்தை இந்தியாவிலுள்ள எவரும் படிக்கலாம் என்று வழிசெய்தபோது கல்லூரி வாரியாகப் பிரிக்கவில்லை. அந்த முன்மாதிரிதான் சரியானது. இதற்கிடையே, பப்மெட் சென்ட்ரலில் முழுக் கட்டுரைகள் இலவசமாக உள்ளன. திறந்த இதழ்களின் அடைவான டிஓஏஜே இருக்கிறது. கட்டுரையில் கொடுக்கப்பட்ட மின்னஞ்சலுக்கு எழுதிக் கேட்டால் தன் கட்டுரையை அனுப்பிவைக்கும் ஆய்வாளர்களும் உண்டு.

இன்னொரு வழி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, அதில் ஒரு குழியும் இருக்கிறது. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணையக் களஞ்சியத்தில் எம்.எஸ்சி. நர்சிங் டிசர்டேஷன்கள் முழுமையாக, இலவசமாகக் கிடைக்கின்றன. இது பெரிய செல்வம். நம் ஊர் நோயாளிகள், நம் ஊர் வார்டு, தமிழில் மொழிபெயர்த்துக் கேட்ட கேள்வித்தாள்கள் எல்லாம் அதில் உண்டு. ஒவ்வொன்றும் முதல்நிலை ஆய்வுதான். தேர்வாளர்கள் பார்த்தது, இதழ் மதிப்பீட்டாளர்கள் பார்க்காதது. அந்த அளவுக்கு எடைபோட்டு மேற்கோள் காட்டுவதில் தவறில்லை. தவறு, அதன் இரண்டாம் அத்தியாயத்தில் இருக்கும் மேற்கோள்களை அப்படியே எடுத்துத் தன் இரண்டாம் அத்தியாயத்தில் வைப்பதில். முதலில் எழுதியவர் ஆண்டைத் தவறாக எழுதியிருந்தால் அந்தத் தவறு வழிவழியாக வரும். அவர் ஒரு தலையங்கத்தை 'ஆய்வு' என்று எழுதியிருந்தால், ஐந்தாறு டிசர்டேஷன் தாண்டும்போது அது ஐயத்துக்கு இடமில்லாத ஆய்வாகிவிடும். மூலத்தைத் திறந்து பார்க்காமல் எதையும் பட்டியலில் சேர்க்கக் கூடாது என்பதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்தபின் இது இன்னும் கூர்மையாகிவிட்டது: இல்லாத கட்டுரைக்கு இதழ், ஆண்டு, பக்க எண்ணோடு மேற்கோள் எழுதித் தருபவை அவை. தலைப்பைப் பப்மெட்டில் இட்டுப் பார்ப்பது, டிஓஐ எண்ணைத் தட்டி அது எங்கே போய்ச் சேர்கிறது என்று பார்ப்பது இரண்டும் ஒரு நிமிட வேலை.

என் வாதத்துக்கு வலுவான மறுப்பு வேறொன்று. செய்முறைப் பகுதியைப் போலியாகவும் எழுதலாமே? எழுதியிருக்கிறார்கள். ஜான் போஹனன் என்ற அறிவியல் செய்தியாளர், புற்றுநோய் மருந்து பற்றிய ஒரு கற்பனைக் கட்டுரையைச் சிறு மாற்றங்களோடு 304 திறந்த இதழ்களுக்கு அனுப்பினார். முடிவை 2013 அக்டோபரில் சயன்ஸ் இதழ் வெளியிட்டபோது 157 இதழ்கள் ஏற்றிருந்தன, 98 மறுத்திருந்தன. அந்தக் கட்டுரையில் நான்கு கூறுகளும் ஒழுங்காக இருந்தன. ஹைதராபாத்தைச் சேர்ந்த ஓமிக்ஸ் பதிப்பகத்தின் மீது அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் தொடுத்த வழக்கில், மதிப்பீட்டு முறை பற்றியும் கட்டணம் பற்றியும் ஆய்வாளர்களை ஏமாற்றியதற்காக 5 கோடி டாலருக்கு மேல் செலுத்துமாறு 2019-ல் நீதிமன்றம் உத்தரவிட்டது. வடிவம் எதற்கும் உத்தரவாதம் தராது என்பது சரி. ஆனால் போஹனனின் போலிக் கட்டுரையில் பிழைகள் எங்கே வைக்கப்பட்டிருந்தன என்று பார்க்க வேண்டும். மருந்தின் அளவு கூடக்கூட விளைவு கூடுகிறது என்று கட்டுரை சொல்லும். அதன் படமே அப்படிக் காட்டாது. ஒப்பீட்டுக்கு வைத்த செல்களுக்கு, மருந்து பெற்ற செல்களுக்குக் கொடுத்த கதிர்வீச்சு கொடுக்கப்படவே இல்லை. இரண்டும் செய்முறையையும் முடிவையும் உட்கார்ந்து படித்தால் தெரிந்துவிடும் பிழைகள். அதாவது, போலியைப் பிடிக்கும் இடமும் அதே இடம்தான். இதழ்ப் பட்டியல்களை நம்பி இருந்தவர்களின் கதியையும் சேர்த்துப் பார்க்கலாம்: கொலராடோ பல்கலைக்கழக நூலகர் ஜெஃப்ரி பீல் வைத்திருந்த புகழ்பெற்ற கறுப்புப் பட்டியல் 2017 ஜனவரியில் நீக்கப்பட்டது; ஏற்கத்தக்க இதழ்களைக் குறித்த பல்கலைக்கழக மானியக் குழுவின் கேர் பட்டியலும் 2025-ல் கைவிடப்பட்டது. பட்டியல்கள் வரும், போகும். படிக்கும் பழக்கம் ஒருவரோடு தங்கிவிடும். படித்தும் தெரியாத ஒன்று உண்டு: கட்டுரை பின்னர் திரும்பப் பெறப்பட்டதா என்பது. எம்எம்ஆர் தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் இணைத்த வேக்ஃபீல்டின் 1998 கட்டுரையை லான்செட் 2010-ல்தான் முழுமையாகத் திரும்பப் பெற்றது. பப்மெட்டில் அத்தகைய கட்டுரையின் தலையில் எச்சரிக்கை போட்டிருக்கும். நண்பர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிடிஎஃப்பில் இருக்காது.

ஆங்கிலம் தடையாக இருக்கிறதே என்பார்கள். தமிழ்வழியில் பள்ளி முடித்து வந்த மாணவிக்கு லான்செட் கட்டுரை அச்சமூட்டும், மறுக்கவில்லை. ஆனால் ஆய்வுக் கட்டுரையில் எளிய ஆங்கிலம் இருப்பது செய்முறைப் பகுதியில்தான். இறந்தகால வாக்கியங்கள், திரும்பத் திரும்ப வரும் ஐம்பது அறுபது சொற்கள்: சேர்த்தோம், ஒதுக்கினோம், அளந்தோம், ஒப்பிட்டோம், ஒப்புதல் பெற்றோம். அறிமுகமும் விவாதமும்தான் சுற்றி வளைத்துப் பேசும். பத்துக் கட்டுரைகளின் செய்முறைப் பகுதியை மட்டும் ஆசிரியரோடு உட்கார்ந்து படித்த மாணவிக்குப் பதினொன்றாவது தானாகப் புரியும். படித்ததைத் தமிழில் சொல்லச் சொல்ல வேண்டும். ஜர்னல் கிளப்பில் ஆங்கிலத்தில் ஸ்லைடு வாசிப்பதைவிட, 'இவங்க யாரை எடுத்தாங்க, என்ன பண்ணாங்க' என்று தன் பேச்சில் சொல்பவருக்குத்தான் விஷயம் பிடிபட்டிருக்கும். பட்டப் படிப்பு மாணவருக்கு இவ்வளவு எதற்கு, டாக்டர் எழுதியதைச் செய்யத்தானே போகிறார் என்ற மறுப்புக்கு நீண்ட விடை தேவையில்லை. கேனுலாவைப் பார்ப்பதும், நோயாளியைத் திருப்பிப் படுக்கவைப்பதும், வாயைச் சுத்தம் செய்வதும் செவிலியரின் கையில் இருப்பவை. அவற்றுக்கான ஆதாரத்தையும் செவிலியர்தான் படித்தாக வேண்டும்.

இந்திய செவிலியர் கழகத்தின் பாடத்திட்டத்தில் ஆராய்ச்சியும் புள்ளியியலும் பாடமாக இருக்கின்றன, செயல்திட்டமும் இருக்கிறது. நேரமும் ஆளும் ஓரளவு உண்டு. மாற வேண்டியது மதிப்பெண் விழும் இடம். 'பத்து ஆர்டிகிள்' என்ற எண்ணுக்கு மதிப்பெண் கொடுத்தால் பத்து வரும், எதுவாக இருந்தாலும் வரும். அதற்குப் பதில் நான்கு போதும். ஒவ்வொன்றின் முழுப் பிரதியும், அதன் வகை என்ன என்பதும், அந்த வகை என்று மாணவர் எந்த வரியைப் பார்த்துச் சொல்கிறார் என்பதும் இணைக்கப்பட வேண்டும். தேர்வில் விளக்கக் கேள்விகளுக்கு நடுவே, தலைப்பும் இதழ்ப் பெயரும் மறைத்த ஒரு பக்கத்தைக் கொடுத்து இது என்ன எழுத்து, ஏன் அப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்கலாம். ஒரு பக்கம் கேனுலா சோதனையிலிருந்து, ஒரு பக்கம் நெறிமுறையிலிருந்து, ஒரு பக்கம் கம்பெனிக் கையேட்டிலிருந்து. கேள்வித்தாள் அடிக்கும் செலவுக்கு மேல் இதற்கு ஒரு பைசா ஆகாது. அடுத்த ஆண்டே கைடுகளும் மாணவர்களும் செய்முறைப் பகுதியைப் புரட்டத் தொடங்கிவிடுவார்கள்.